பவளச் சுவரில் இறங்குமுன்

குளிர்கால விடுமுறைக்கு அந்தமான் போவதென்று நம் சங்கத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஹாவ்லக் என்று வழங்கி, 2018-ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவில் ஸ்கூபா மூழ்கலும் உத்தேசத்தில் உண்டு. அங்கே 'தி வால்' என்றொரு பவளச் சுவர் இருக்கிறது. உச்சி ஏறக்குறைய 10 மீட்டர் ஆழம். அடியோ 50 மீட்டருக்கும் கீழே. அதில் இறங்கியே தீருவோம் என்று ஒரு கட்சி. யமுனையில்கூடக் கால் நனைக்காத நமக்குச் சுவர் எதற்கு என்று மறு கட்சி. நான் போகலாம் என்கிற கட்சிதான். ஆனால் கணக்கோடு போகவேண்டும்.

முதல் நாளே சுவருக்குப் போகக்கூடாது. கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய நீமோ ரீஃபில் முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றவும், நிதானமாக மூச்சுவிடவும் பழகவேண்டும். அது கைவந்தவர்கள் மட்டும் மறுநாள் ஆசிரியருடன் சுவரின் மேல் விளிம்புக்குப் போகட்டும். எல்லை 12 மீட்டர். பயிற்சி பெறாத புதியவருக்கு அதுவே வரம்பு. முதற் சான்றிதழ் பெற்றவருக்கே 18 மீட்டர்தான். வெளிச்சமும் நிறமும் மீன் கூட்டமும் மேலேதான் மிகுதி என்பதால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சுவரில் காலடியில் தரை தெரியாது, தாழ்ந்துகொண்டிருப்பதும் தெரியாது. ஆழம் காட்டும் கருவியைத்தான் நம்பவேண்டும்.

ஆழமே அபாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பாயில் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்ததன் பலன் அது! 20 மீட்டரிலிருந்து 10-க்கு ஏறும்போது நெஞ்சிலுள்ள காற்று ஒன்றரை மடங்காகிறது. 10-லிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ இரண்டு மடங்கு. எனவே மூச்சை அடக்கிக்கொண்டு எழுபவருக்கு மேலேயுள்ள அந்தப் பத்து மீட்டரே அதிக ஆபத்தானது. (உருளையில் இருப்பது பிராணவாயு என்று சொல்லித் திரியும் நண்பர்களுக்கு: அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று.)

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. இறங்குமுன் மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா உண்டா என்று அதில் கேட்பார்கள். விடுதி நண்பர் ஒருவர், "இல்லை என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். சுருங்கிய மூச்சுக் குழாய்க்குப் பின்னே சிக்கிய காற்று, ஏறும்போது விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். அவர் பொய் சொல்லும் சுபாவமுடையவர் அல்லர். பல மாதம் சேர்த்த பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார். கட்டிய பணம் திரும்பாது என்பது நம் சங்கத்தின் வழக்கம். அந்த வழக்கமே அவரைப் பொய்க்குத் தள்ளுகிறது என்பேன்.

ஆகவே மருத்துவர் வேண்டாமென்று சொன்னவர்க்கும், படகில் ஏறியபின் மனம் மாறியவர்க்கும் மூழ்கல் கட்டணத்தைச் சங்கமே திருப்பித் தரவேண்டும். பொங்கல் விழா மிச்சத்திலிருந்து தரலாம். செயலாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். படிவத்தை இங்கேயே வாங்கிப் புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

பயணச்சீட்டு எடுப்பவர் கவனத்துக்கு: பல முறை மூழ்கியவர் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். கடைசி நாளை மணலில் கழிக்கும்படி சீட்டு எடுங்கள்.