நோய் தடுப்பில் மளிகைக் கடைக்கும் பங்கு உண்டு

பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் வடக்கு கரேலியா என்று ஒரு மாவட்டம். காடும் ஏரியும் மாட்டுப் பண்ணையும் நிறைந்த கிராமப் பகுதி. 1970 வாக்கில் அங்கே ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் இறப்பது உலகிலேயே அதிகம் என்ற கெட்ட பெயர் அந்த ஊருக்கு இருந்தது. வெண்ணெய், உப்பு, புகை மூன்றுமே முக்கியக் காரணங்கள்.

1971-ல் மாவட்டப் பிரதிநிதிகள் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் திட்டம் தொடங்கியது. மருத்துவர்களால் மட்டும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கம் ஊர் ஊராகச் சமைத்துக் காட்டியது. இறைச்சிப் பண்டம் செய்யும் கம்பெனி கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்த்தது. கடைகளும் ஒத்துழைத்தன. வெண்ணெய் விற்பனை குறையும் என்று பால் பண்ணையாளர்கள் எதிர்த்தார்கள். பிற்பாடு அவர்களில் பலரைப் பழச் செடி பயிரிட வைத்தார்கள். சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே வீட்டுக்கு உப்பு போவது நம் கடையிலிருந்துதான்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நால்வர் குடும்பத்துக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தீனி எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதில் அடக்கம். மாதச் சாமான் சிட்டையில் இரண்டு பாக்கெட் உப்பு எழுதும் வீடு எது என்று டாக்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கேட்ட சரக்கைக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். எதை முன்னால் அடுக்குவது, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி எதைத் தொங்கவிடுவது என்பதை முடிவு செய்வது யார்? நாம்தானே. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கக்கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதையாவது ஒழுங்காகக் கடைப்பிடிப்போம்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துப் பேச வைக்க வேண்டும் என்பது என் யோசனை. வாடிக்கையாளர் நீண்ட நாள் நலமாக இருந்தால்தான் நம் பேரேட்டில் அவர் பக்கம் தொடரும்.