படகுக்கும் ஒரு கூண்டு

போன ஐப்பசியில் அடைமழை விட்ட மறுநாள், கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த வாலிபன் ஒருவன் அங்கே இருக்கிறான். கடன் வாங்கி ஃபைபர் படகு வாங்கியவன். மணலில் குந்தி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, கடலுக்குப் போகவில்லையா?"

"எங்கே சார் போறது? படகைப் பாருங்க."

பார்த்தேன். நீலத் தார்ப்பாய் நடுவில் கிழிந்து தொங்கியது. படகு நிறையத் தண்ணீர். படகைத் தாங்கியிருந்த இரண்டு கட்டைகளில், பின்கட்டைக்கு நேரே அடிப்பாகத்தில் ஒரு முழம் விரிசல். இயந்திரத்தை மட்டும் நல்லவேளையாக வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தான். விரிசலை அடைத்து, காயவைத்து, மறுபடி இறக்கப் பத்து நாளாகும் என்றான். மழை ஓய்ந்து மற்றவர்களெல்லாம் கடலுக்குப் போய் வருகிற பத்து நாள். வட்டிக்குக் கொடுத்தவர் அந்தப் பத்து நாளைக் கழித்துக்கொள்வாரா?

"மூடித்தானே வைத்திருந்தாய்?"

"மூடினதாலேதான் சார் வந்தது வினை!"

வேடிக்கையாக இருந்தாலும் அவன் சொன்னது நிஜம். மூடாமல் விட்டிருந்தால் தண்ணீர் வடிகிற அடித்துளையைத் திறந்து வைத்திருப்பான். பெய்தது பெய்தபடியே வழிந்து போயிருக்கும். தார்ப்பாய் இருக்கிறதே என்ற தைரியத்தில் துளையின் அடைப்பை எடுக்கவேயில்லை. தார்ப்பாயோ ராத்திரியெல்லாம் மழையைச் சேர்த்து வைத்து, விடியற்காலையில் மொத்தமாக உள்ளே கொட்டிவிட்டது.

மழைக்கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. முப்பதடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள படகின் மேல் 10 சென்டிமீட்டர் பெய்தால், விழுகிற தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் நூறு குடத்துக்கும் அதிகம்! 10 சென்டிமீட்டர் நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். துணி என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும். அந்தத் தொய்வில் ஒரு செம்பு தண்ணீர் தங்கும். அந்தக் கனத்தில் தொய்வு ஆழமாகும். ஆழமானதால் ஒரு குடம் தங்கும். வட்டி குட்டி போடுவதைப் போலத்தான். அப்புறம் கயிறாவது அறும், துணியாவது கிழியும். நைலான் கயிறு நனைந்தால் கொஞ்சம் தளர்ந்து வேறு கொடுக்கும். ஆகவே முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை இழுத்துக் கட்டுவது அவசியம்.

"கோலாலே அடியிலேர்ந்து தட்டிவிட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எழுந்து தட்டறது?" என்றான். நடுவில் ஒரே ஒரு கழியை நட்டும் பார்த்தானாம். கழியைச் சுற்றி நாலு பக்கமும் நாலு குளம்! கழிமுனை துணியைக் குத்திக் கிழித்ததுதான் மிச்சம்.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. மரத்துக்கு மரம் இடைவெளி. தண்ணீர் எங்கே தங்கும்? குழிவான படகு வந்த பிறகுதான் மூடியும் வேண்டியிருக்கிறது, மூடிக்கு முட்டும் வேண்டியிருக்கிறது.

இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த அவன் ஆத்தா, வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "எங்கப்பன் கூண்டு வண்டியிலே உப்பு ஏத்திக்கிட்டு மழையிலே போவாரு. ஒரு கல்லு கரைஞ்சதில்லே. இவனுக்கு வண்டிக்கூண்டு எப்படி இருக்கும்னே தெரியாது, ஐயா!"

எனக்குச் சுருக்கென்றது. உபாயம் அவ்வளவுதான். மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, இரண்டு முனைகளையும் படகின் உட்பக்கம் கட்டி, இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்த வேண்டும். வளைவுகளின் உச்சியில், வீட்டுக்கு முகட்டுவளை போல, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு நீண்ட மூங்கில். ஆறடி அகலப் படகுக்கு, விளிம்பிலிருந்து முகடு ஒன்றரை அடியாவது உயர்ந்திருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே துணி தொய்யாதபடி குறுக்கே கயிறு ஓட்டுவது நல்லது. கணுவையும் முனையையும் பழைய சைக்கிள் டியூபால் சுற்றிவிட்டால் துணி கிழியாது. தார்ப்பாயின் ஓரம் படகு விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தொங்க வேண்டும். இவன் அதை உள்ளே செருகியிருந்தான். பாதித் தண்ணீருக்கு அவனே வழிகாட்டி! இரு முனைகளிலும் காற்றுப் போக இடைவெளி விட்டு, அணியத்தைச் சற்றே உயர்த்தி, பின்பக்கத்து அடித்துளையைத் திறந்தே வைக்க வேண்டும். மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, அதை நம்பித் துளையை மட்டும் அடைக்கக் கூடாது.

படகு இல்லாத வாசகர்கள் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். விறகின் மேலும் ஸ்கூட்டர் மேலும் மூடிய தார்ப்பாயின் மடிப்பில் தண்ணீர் ஒரு வாரம் பத்து நாள் நின்றால் போதும், டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரை வளர்ந்துவிடும்.

கார்த்திகையில் மறுபடி போனேன். விடிய விடிய மழை. கூண்டு போட்ட படகு வயிற்றுக்குள் பொட்டு ஈரமில்லாமல் நின்றது. ஆனால் வாலிபன் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

"இப்போது என்னப்பா குறை?"

"மழைக்கு இதைவிட நல்ல இடம் ஏதுன்னு ஆத்தா கருவாட்டுக் கூடையெல்லாம் உள்ளே அடுக்கிட்டாங்க, சார். நான் வலை வைக்க இடமில்லே!"