எண்ணிக்கையும் எண்ணமும்

தமிழில் ‘எண்ணுதல்’ என்பதற்குக் கணக்கிடுதல், நினைத்தல் என இரு பொருள் உண்டு. இவ்விரண்டையும் இணைக்க முனைந்தவர் அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1990-களில் அவர் குழுவினர் அமைத்த கணினி நிரல், ஒருவர் எழுதியதில் மகிழ்ச்சிச் சொல் எத்தனை, துயரச் சொல் எத்தனை, ‘நான்’ எத்தனை என்று எண்ணிச் சொல்லும். மனச்சோர்வுற்றோர் ‘நான்’ என்பதைச் சற்று மிகுதியாக வழங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் தமிழில் இக்கணக்கு எளிதன்று. ‘அழுதேன்’ என்றாலே ‘நான்’ அதனுள் அடங்கிவிடுகிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி திருவரங்கத்திலிருந்து பேருந்தில் வருபவள். ஒரு வாரமாக எதைக் கேட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்றாள். எண்ணினால் ஒரே சொல். அதில் துயரம் ஏது? காவிரிப் பாலத்தில் அவள் முகம் திருப்பிக் கண் துடைத்ததைக் கண்டபின்தான் நாங்கள் அருகில் அமர்ந்து கேட்டோம்.

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் கூர்ந்து உணர்வோர்க்கன்றி அவை எளிதில் விளங்கா என்றார். கணினி எண்ணட்டும், அது தரும் குறிப்பையும் பெறுவோம். ஆனால், அன்புத் தோழியரே, ‘ஒன்றுமில்லை’ என்பவளை அப்படியே விட்டுவிடாதிருப்போம். அவளை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.