தைப்பது நாம், டெண்டர் யார் பெயரில்?



தாராவியின் சந்துகளில் நம்மவர்கள் தைக்கும் பைகளும் பெல்ட்டுகளும் அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை ஆலைகளுக்கும் போய்ச் சேர்வதுண்டு. அவை யார் பெயரில் போகின்றன? டெண்டர் எடுத்தவர் ஒருவர். அவரிடம் வேலை வாங்கியவர் இன்னொருவர். அவருக்கும் கீழே, பைக்கு இத்தனை ரூபாய் என்று கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர் நம் பட்டறைக்காரர். அரசு கொடுத்த விலைக்கும் நம் கைக்கு வந்த கூலிக்கும் இடையில் எவ்வளவு கரைந்தது என்று நாம் கணக்குப் பார்த்ததுண்டா?

“டெண்டரெல்லாம் பெரிய சேட்டுகள் சமாச்சாரம், நமக்கெதற்கு?” என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சிறுதொழில் வளர்ச்சிக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2012இல் ஒரு கொள்முதல் ஆணை பிறப்பித்தது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்றது அது. 2018இல் செய்த திருத்தத்தால் அது 25 விழுக்காடாயிற்று. அதற்குள் தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3. சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டிய பொருள்கள் என்று 358 பொருள்களுக்கு ஒரு பட்டியலும் உண்டு. தோல், துணி, கான்வாஸ் பைகள், கையுறைகள், செருப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் பட்டறைகளைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கிறது அந்தப் பட்டியல்!

டெண்டர் படிவத்துக்குக் காசு கிடையாது. முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்று 100 ரூபாய் என்று குறைந்த விலை போட்டிருக்க, நாம் 115க்குள் போட்டிருந்தால், அந்த 100க்கே தர நமக்கு இசைவா என்று கேட்டு, மொத்தத்தில் 25 விழுக்காடுவரை நமக்குத் தரவேண்டும். ஆனால் கட்டுப்படியாகாத விலைக்கு ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. வேலை கிடைத்தபின் கட்டும் காப்புத் தொகைக்கு இந்த ஆணையில் விலக்கில்லை.

இத்தனை இருந்தும் நாம் ஏன் வெளியே நிற்கிறோம்? தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய அந்த 4 விழுக்காட்டில் பாதியைக்கூடப் பல ஆண்டுகள் எட்டவில்லை. கேட்டால், தகுதியான ஆள் வரவில்லை என்பார்கள். மூன்றாண்டு முன் அனுபவம், இத்தனை லட்சம் விற்றுமுதல் என்று நிபந்தனை போட்டால், கூலிக்குத் தைத்தவன் எதைக் காட்டுவான்? அவன் அனுபவமெல்லாம் அடுத்தவன் பில்லில் அல்லவா இருக்கிறது! இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று நிதி அமைச்சகம் 2016இல் சுற்றறிக்கை விட்டது. ‘தளர்த்தலாம்’ என்றதே தவிர, ‘தளர்த்த வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் நம் பிழைப்பு தொங்குகிறது.

குடிபெயர்ந்தவர்கள் என்பதால் நமக்கு இன்னொரு தடையும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்டோர் மராட்டிய அரசின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டே மனம் சோர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் 2012ஆம் ஆண்டு ஆணை மத்திய அரசினுடையது. இந்த மாநிலத்துக்காரருக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. ஊரில் பெட்டியில் கிடக்கும் சாதிச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லுங்கள்.

பணம் வராதே என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. முறையீட்டுக்கு மாநிலத்தில் மன்றம் உண்டு. அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் வழக்காட வேண்டுமானால், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும். கொள்முதல் ஆணை மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது; இந்த 45 நாள் விதி கட்டுப்படுத்தும். ஆனால் வேலை ஏற்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பாக்கியைக் கேட்டால் வழக்கு இழுபறிதான். அந்தப் பதிவு இலவசம். காசு கேட்பவன் தரகன். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு 2021இல் கிடைத்த பதிவு வங்கிக் கடனுக்கு மட்டுமே உதவும். டெண்டர் சலுகைக்கு உதவாது.

இன்னோர் எச்சரிக்கை. “உங்கள் பெயரில் நாங்களே டெண்டர் போடுகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று சிலர் வருவார்கள். கூட்டுத் தொழிலானால் 51 விழுக்காடு பங்கு தாழ்த்தப்பட்டவர் கையில் இருந்தால்தான் அந்த 4 விழுக்காட்டில் இடம். அதற்காக நம் பெயரை இரவல் கேட்கிறார்கள். லாபம் அவர்களுக்கு; சரக்கு தவறினால் கறுப்புப் பட்டியல் நமக்கு. இன்று நம் உழைப்பை வேறொருவர் பெயரில் விற்கிறார்கள். நாளை நம் பெயரையே விற்பார்கள்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: ‘தளர்த்தலாம்’ என்பதை ‘தளர்த்தியாக வேண்டும்’ என்று மாற்றுங்கள். 4 விழுக்காட்டை எட்டாத நிறுவனத்தின் அதிகாரி பதில் சொல்லட்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. ஆயிரம் பைக்கு ஒரு பட்டறை போதாது. பத்துப் பட்டறை சேர்ந்தால் போதும். ஒரே சந்தில் இருந்துகொண்டு, ஒரே இடைத்தரகனுக்குப் போட்டி போட்டுக் கூலியைக் குறைப்பதை நிறுத்துவோம். சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் கணக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பதிவும் டெண்டர் படிவமும் நிரப்பிக் கொடுக்கட்டும்.

இது யாரும் போடும் பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை. பை நம்முடையது, பில்லும் நம் பெயரில் இருக்கட்டும்!