சோறு சிந்தட்டுமே

அணையின் அடிவாரத்து அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கிவருகிறது. ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வரும் பிள்ளை தன் வேலையைத் தானே செய்யப் பழகுவதைக் கண்டு இப்பகுதியார் வியப்பதுண்டு. அப்பழக்கம் பத்து வயதில் அன்று, பத்து மாதத்தில் தொடங்கவேண்டியது என்பதே நம் கருத்து.

இது மேலைநாட்டு இறக்குமதி அன்று. பிள்ளைத்தமிழை நோக்குங்கள். கையூன்றித் தலைநிமிர்த்தும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிடும் வருகை எனப் பருவங்கள் பலவும் குழந்தை தானே செய்யும் செயல்களால் பெயர் பெற்றவை. குறளின் 64ஆம் பாவும், பாண்டியன் அறிவுடைநம்பியின் 188ஆம் புறப்பாட்டும் குழந்தை கையிட்டுக் குழப்பிய உணவைக் கொண்டாடுகின்றன. சிந்திய சோற்றை அவர்கள் குற்றமாகக் காணவில்லை.

இன்று நாம் காண்பதென்ன? கைப்பேசியைக் குழந்தையின் முன் நிறுத்தி, அது தன்னை மறந்து வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு கவளம் திணிக்கிறோம். வயிறு நிறைகிறது, பசியையும் நிறைவையும் அறியும் அறிவு வளர்வதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு இணை உணவு தரச் சொல்லும் உலக நலவாழ்வு நிறுவனம், குழந்தை தானே உண்ண ஊக்குவிக்க வேண்டும் என்றும் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. நடைக்கும் இதே கதைதான். நம் மரத்து நடைவண்டியைக் குழந்தை நின்று தள்ளும்; வட்டச் சக்கர வாக்கரோ குழந்தையை உட்காரவைத்து உருட்டும். விபத்துகளைக் கண்டு கனடா 2004இல் வாக்கரையே தடைசெய்தது.

தற்சார்பு என்றால் அழும் குழந்தையைத் தனியே விடுவது என்று எவரும் கொள்ளவேண்டா. அருகில் ஒருவர் பொறுமையாக அமர்ந்திருந்தால்தான் குழந்தை தானே முயலும்.

அந்தப் பொறுமைக்கு நேரம் வேண்டும். காலை ஷிப்டுக்கு பனியன் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் தாயிடம், ‘அரைமணி நேரம் சோறு சிந்த விடுங்கள்’ என்று உபதேசிப்பது எளிது, அறமாகாது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிலகங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டத் திருத்தம் விதித்தது. ஏட்டில் உள்ள அந்த உரிமை தையல் மெஷின் வரிசை வரைக்கும் வந்து சேரவேண்டும். குழந்தையின் கைக்கு விடுதலை வேண்டுவோர், தாயின் கைக்குச் சற்று ஓய்வும் வேண்டத்தானே வேண்டும்?