பட்டமும் உத்தியோகமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. காலனித்துவ ஆட்சி எழுதுவினைஞரை வேண்டிநின்ற காலத்து மனோபாவம் அது. அம்மனோபாவமே இன்றும் பட்டச் சான்றிதழைச் சீதனப் பேரத்தின் விலைச்சீட்டாக்கி வைத்துள்ளது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. ஆயின், கல்வி பெருகிய வேகத்தில் தொழில்கள் பெருகவில்லை. 1971 இல் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கை வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய தொழிலுக்குமிடையிலான பொருத்தமின்மையையே பிரதான நோயாகக் கண்டது. 2020 இல் பல்லாயிரம் பட்டதாரிகள் அரச சேவையிற் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டமை, அந்நோய் தீரவில்லை என்பதற்குச் சான்று.

இதனைக் காட்டிப் பட்டமே பயனற்றது என வாதிடுவோர் உளர். அதுவும் தவறு. மருத்துவரும் பொறியியலாளரும் பட்டமின்றித் தொழில் புரிதல் இயலாது. தந்தையின் வணிகமோ செல்வாக்கோ கைகொடுக்காத கமக்காரன் மகளுக்கு ஏறுவதற்கு வேறு ஏணியும் இல்லை. பட்டம் பயனற்றது என உபதேசிப்போர் தம் பிள்ளைகளைப் பட்டம் பெறவே அனுப்புகின்றனர்.

எனவே, சாடப்பட வேண்டியது பட்டமன்று. அதன் பெயரால் உழைப்பை இழிவுபடுத்தும் போலிக் கௌரவமே. பட்டதாரியொருவர் பண்ணையிலோ பட்டறையிலோ பணிபுரியக் கண்டு நகைக்கும் சமுதாயம், வேலையின்மைக்கு அரசை மாத்திரம் குறைகூறுதல் எவ்வாறு பொருந்தும்?