நல்ல டீச்சர் இருந்தார், அதனால் என்ன?

பள்ளிக்கூடத்துச் சாதியைப் பற்றி நாம் பேச வாய் திறந்தால் போதும், உடனே ஒரு கேள்வி வரும்: "உங்களுக்கு ஒரு நல்ல வாத்தியார்கூடக் கிடைக்கவில்லையா?" கிடைத்தார். கிடைக்கவில்லை என்று நாங்கள் எப்போது சொன்னோம்?

அஞ்செட்டி அன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்த மலைப்பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் நாங்கள் படித்தோம். ஒரே வகுப்பில் கன்னடம் பேசுகிற பிள்ளை, தெலுங்கு பேசுகிற பிள்ளை, தமிழ் பேசுகிற பிள்ளை, இருளர் வீட்டுப் பிள்ளை எல்லோரும் இருந்தோம். விளையாட்டில் மூன்று மொழியும் கலந்தது. தண்ணீர்ப் பானையில் மட்டும் எதுவும் கலக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் தாங்களே மொண்டு குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு யாராவது ஊற்ற வேண்டும். சத்துணவு வரிசையில் நாங்கள் கடைசி. இதை யாரும் சுவரில் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் வந்தார். பானைமேல் இருந்த சொம்பை எடுத்து எங்களில் ஒருத்தியின் கையில் கொடுத்து, "எல்லோருக்கும் நீ ஊத்து" என்றார். பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைத்தார். இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடிக் காலனிக்கே வந்தார். எங்கள் வீடுகளில் டீ குடித்தார். ஊரில் இருந்து புகார்மேல் புகார் போனது. இரண்டு வருடத்தில் அவருக்கு இடமாற்றம். அவர் போன மறுவாரமே சொம்பு பழைய கைக்குப் போனது.

ஒரு டீச்சர் பஸ் ஏறியதும் முடிந்துபோகிற சமத்துவத்தை உரிமை என்று எப்படிச் சொல்வது? அது அதிர்ஷ்டம். எங்களுக்கு இரண்டு வருடம் அதிர்ஷ்டம் அடித்தது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கும் பின்னால் படித்தவர்களுக்கும் அதுவும் இல்லை.

கூடப் படித்தவர்கள் எங்கே? வாய்ப்பாட்டை எங்கள் எல்லோரையும்விட வேகமாகச் சொன்னவன், அப்பா அம்மாவோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போனான். திரும்பப் பள்ளிக்கு வரவில்லை. சொம்பை முதலில் பிடித்தவளுக்குப் பதினாறு முடிவதற்குள் கல்யாணம். இன்னும் சிலர் ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளிகள். "திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம்" என்பவர்கள் இந்த வருகைப் பதிவேட்டை ஒருமுறை வாசிக்கட்டும்.

பாபாசாகேப் வாழ்க்கையிலும் ஒரு நல்ல ஆசிரியர் உண்டு. சதாரா பள்ளியில் அவர் உட்காரச் சாக்கை வீட்டில் இருந்து கொண்டுபோக வேண்டும். பியூன் வந்து ஊற்றாவிட்டால் தண்ணீர் கிடையாது. அதே காலத்தில் அவர்மேல் பிரியம் வைத்த பிராமண ஆசிரியர் ஒருவர் தினமும் தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார். அந்தச் சாப்பாடு மேலே இருந்துதான் கையில் விழுந்தது என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். அன்பு இருந்தது, தீண்டாமையும் இருந்தது. அம்பேத்கர் அந்த ஆசிரியரை நன்றியோடு நினைத்தார். ஆனால் நன்றியோடு நின்றுவிடவில்லை. 1927இல் மகாத் குளத்தில் இறங்கினார். தீண்டாமையை ஒழிக்கிற பிரிவு 17 இடம்பெற்ற அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நன்றி வேறு, உரிமை வேறு.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். 2022இல் பெருந்துறை அருகே பாலக்கரை பள்ளியில் நம் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் தலைமையாசிரியை கைதானார். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளிகளில் ஒரு நல்ல ஆசிரியர்கூட இல்லை என்றா நினைக்கிறீர்கள்?

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், சாதிக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருந்து சாதியை நீக்க வேண்டும் என்றது. எங்கள் டீச்சர் தன் மனசாட்சிக்காகத் தனியாகச் செய்து புகார் வாங்கிய அதே காரியத்தை, எல்லாப் பள்ளிக்கும் விதியாக்கச் சொல்கிறது அறிக்கை. விதி இருந்தால் அந்த டீச்சரும் தனியாக நின்றிருக்க மாட்டார்.

ஆகவே தோழர்களே, ஆசிரியர் தினத்துக்கு நெகிழ்ந்து பதிவு போடுங்கள், தப்பில்லை. மறுநாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்கிறது. நம் காலனி அம்மாக்கள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? கூட்டம் நடக்கும் தேதி அவர்களுக்குத் தெரியுமா? கையெழுத்து மட்டும் வீடு தேடி வருகிறதா? பிள்ளைகள் எங்கே உட்கார்கிறார்கள், யார் கழிப்பறை கழுவுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். எழுதிக் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல மனசு உள்ளவர் வகுப்பெடுக்க வந்தால் சந்தோஷம். கெட்ட மனசு உள்ளவர் வந்தாலும் அந்தச் சொம்பைத் தொட அவர் யோசிக்க வேண்டும். நாம் கேட்பது அந்தப் பள்ளிக்கூடத்தை.